கட்டாரிலிருந்து ஏற்றிய விளக்கு

அவருடைய முப்பத்தோராம் நாள் காரியத்தில் கல்வெட்டு என்கிற நினைவுமலர் அடித்துக் கொடுத்தார்கள். பளபளப்பான தாள், முன்பக்கத்தில் மாலை போட்ட படம், உள்ளே ஒரு வெண்பா, அதற்குக் கீழே ‘கேளாமலே கொடுத்த கை’ என்று தொடங்கும் இரங்கலுரை. பந்தியில் இருந்தபடியே வாசித்தேன். சோறு இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, துக்கம் தாங்காமல் இருக்கிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டார். துக்கமாவது மண்ணாங்கட்டியாவது. எனக்கு வந்தது கோபம்.

அந்தக் கல்வெட்டில் எழுதியது பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அவர் கொடுத்தார். நாவற்குடாவில் எங்கள் தெருவில் அவரிடம் ஏதாவது ஒன்று வாங்காத வீடு இல்லை. ஆனால் கொடுக்கிற பொருளில் ஒரு சின்னத் துண்டைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொள்வார். அந்தத் துண்டு இல்லாமல் மற்றது ஒன்றுக்கும் உதவாது. இதைக் கல்வெட்டில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. மருமகனின் பெயரைக்கூட முறைப்படி அச்சிட்டிருந்தார்கள். அந்த ஆள் காரியத்துக்கு வரவில்லை.

பெயர் சொல்ல மாட்டேன். கல்வெட்டில் போட்டது போதும். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். சொந்தம் ஒன்றும் இல்லை, தெருவில் அந்த வயதுக்காரர் எல்லாரும் எனக்கு மாமாதான். வெள்ளைச் சாரம், நெஞ்சில் பொத்தான் பூட்டாத சேட்டு, எப்போதும் தாழ்ந்த குரல். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சத்தம் போடுகிறவனை நம்பலாம், ஒரு நேரம் ஓய்வான். இவர் ஓய மாட்டார்.

தெருவில் புருசனை இழந்த ஒரு பெண்ணுக்கு அவர் தையல் மெஷின் கொடுத்தார். செத்துப்போன தன் மனைவியின் மெஷின். ஆட்டோவில் ஏற்றி, தானே கூடப் போய் இறக்கினார். தெருவே பார்த்தது. அந்தப் பெண் காலில் விழப்போனாள். அடுத்த நாள் தைக்க உட்கார்ந்தால், நூல் சுற்றிய பொபினை வைக்கிற சின்ன இரும்புக் கூடு இல்லை. ஓடி வந்து கேட்டாள். அன்றைக்கு நான் அவருடைய வீட்டு விறாந்தையில் மின்விசிறி பூட்டிக்கொண்டிருந்தேன், அதனால் என் காதாலே கேட்டது இது.

“உன்ட புள்ளைகள் எடுத்து விளையாடித் துலைச்சுப் போடுங்கள். எனக்கிட்ட பத்திரமா இரிக்கும். தைக்கிற நேரம் வந்து எடு. முடிய கொண்டு வந்து தா.”

அவளும் வந்தாள். ஒவ்வொரு நாளும் வந்தாள். வந்தால் உடனே கொடுக்க மாட்டார். பேப்பர் வாசித்து முடிப்பார். ஆருக்குத் தைக்கிறாய், என்ன துணி, கழுத்து எவ்வளவு இறக்கம் என்று கேட்பார். இறக்கமாகத் தைப்பதாகச் சொன்னால், “இப்பிடியான துணி தைக்கவா என்ட மனிசிர மெஷினத் தந்தன்?” என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். ஒரு நாள் அவள் மெஷினை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் தெரு முழுக்கச் சொன்னார்: “குடுத்தாலும் வெச்சிருக்கத் தெரியாத சனம்.”

கோயிலுக்கு ஒலிபெருக்கி கொடுத்தார். மைக்கை வீட்டில் வைத்திருந்தார். திருவிழா விடியலில் கோயில்காரர் எல்லாரும் வந்து கேற்றடியில் நிற்க, இவர் கிணற்றடியில் ஆறுதலாகக் குளித்துக்கொண்டிருப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் சேர்ந்து வாசலில் நின்றார்.

வாழைச்சேனைப் பக்கம் ஒரு ஆலையில் அவர் பலகாலம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். அந்தப் பழக்கம்தான், சாமானைக் கண்டபடி கையை விட்டு விடமாட்டார் என்று சிலர் நியாயம் சொல்வார்கள். நானும் களஞ்சியப் பொறுப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கு வந்தால் மனிசராகத்தான் இருக்கிறார்கள்.

இனி விளக்குக் கதைக்கு வருகிறேன். எழுதினால்தான் என் நெஞ்சு ஆறும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகளைக் கட்டிக் கொடுக்கும்போது வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியேறுவான். பெற்றவர்கள் வளவின் பின்பக்கம் சின்னதாக ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இதற்கு யாரும் அழுவதில்லை, அதுதான் வழமை. மாமாவும் அப்படியே செய்தார். ஒரே மகள். பெரிய வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, வாவிக்கரையைப் பார்த்த இரண்டு அறை வீட்டுக்குள் போனார். கலியாணத்தில் எல்லாரும் மெச்சினார்கள். நானும்தான் மெச்சினேன், இந்த முறை எந்தத் துண்டைக் கழற்றி வைத்தார் என்று யோசிக்காமல்.

என் தொழில் இதுதான்: கமரா, வைஃபை, கேற் மோட்டார், இப்போது போனை அழுத்தினால் எரிகிற வெளிவிளக்குகள். வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகளில் இந்த விளக்குகளுக்கு நல்ல மவுசு. வைஃபை இருந்தால் உலகத்தில் எங்கே இருந்தும் போனை அழுத்தி வாசல் விளக்கைப் போடலாம், அணைக்கலாம்.

மருமகன் கட்டாரில் வேலை. நல்ல பிள்ளை, கொஞ்சம் சந்தேகக்காரன், கொஞ்சம் கூச்சக்காரன். கலியாணத்துக்குப் பிறகு முதல் விடுமுறையில் வந்தபோது ஒரு பெட்டி நிறைய விளக்குகள் கொண்டு வந்தான். கேற்றின் இரண்டு தூணிலும் ஒவ்வொன்று, நடைபாதையில் சில, மாமரத்தின் கீழ் ஒன்று. நான்தான் பூட்டினேன். எல்லாம் பூட்டி முடிந்ததும் கேட்டேன்.

“டைமர் போட்டு விடுவமா? பொழுதுபட்டா தானா எரியும்.”

“வேணாம் அண்ண. தானா எரியிறதெண்டா அதுக்கு நான் எதுக்கு? நான் அங்கயிருந்து போடுவன். லைட் வந்தா நான் நினைச்சிட்டு இரிக்கிறன் எண்டு அவக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டு வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தான். போனிலே வாய் நிறையக் கதைக்கத் தெரியாதவன் அவன். மனைவியோடு அவனுக்கு இருந்த பாசை அந்த விளக்குத்தான்.

வைஃபை பெட்டியைப் பெரிய வீட்டு மண்டபத்தில் வைக்கச் சொன்னேன். அங்கே வைத்தால் கேற் வரைக்கும் நேராக எட்டும். மாமா கேட்கவில்லை.

“லைன் என்ட பேரில கிடக்கு மகன். வீடு அவக்கு, லைன் எனக்கு. பெட்டி என்ட அறைக்க நிக்கட்டும். நீ கெட்டிக்காரன், அங்கயிருந்து இழுத்துக் குடு.”

நான் கெட்டிக்காரன்தானே. இழுத்துக் கொடுத்தேன். அவருடைய அறையில் பெட்டி, மண்டபத்தின் வெளிச்சுவரில் அலையை வாங்கித் தள்ளி விடுகிற இன்னொரு சின்னப் பெட்டி, அதிலிருந்து கேற். நன்றாக வேலை செய்தது.

அவன் திரும்பிப் போன பிறகு, பொழுதுபடுகிற நேரம் மகள் சாமி விளக்கை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். அங்கே அவனுக்கு வெயில் இன்னும் இறங்கியிருக்காது, வேலைக்கு நடுவில் போனை எடுத்து அழுத்துவான். இங்கே கேற் விளக்கு எரியும். அவள் தூணில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துச் சிரிப்பாள். பிறகு போனில் இரண்டு வார்த்தை. தெருப் பெண்கள் பகிடி பண்ணுவார்கள்: “கட்டார்க்காரர் முழிச்சிட்டார் போலகா.” அவள் முகம் சிவக்கும். நானும் அந்த வழியால் போகும்போது ஓரிரு தரம் பார்த்திருக்கிறேன். நான் பூட்டிய விளக்குகளில் அப்படி யாரும் அண்ணாந்து பார்த்த விளக்கு வேறு இல்லை.

சில மாதம் போனது. ஒரு நாள் அவன் கட்டாரில் இருந்து எனக்குப் போன் எடுத்தான். விளக்கு இணைப்பில் இல்லை என்று ஆப் காட்டுகிறதாம். போய்ப் பார்த்தேன், காலை நேரம். எல்லாம் சரியாக இருந்தது. என் போனில் அழுத்தினேன், எரிந்தது. அணைத்தேன், அணைந்தது. பொழுதுபட, மறுபடியும் அவன் எடுத்தான். இணைப்பில் இல்லை.

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய தொல்லை இல்லை. நான் நிற்கும்போது வேலை செய்யும், நான் போனால் நிற்கும். வாவிக்கரை உப்புக்காற்று தொட்ட எல்லாவற்றையும் தின்னும், அதனால் விளக்கைக் கழற்றி முனைகளைச் சுரண்டித் துடைத்தேன். மழைத்தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று ரப்பரை மாற்றினேன். பின்னேரத்தில் அக்கம்பக்கம் எல்லாரும் வீட்டுக்கு வந்து வைஃபையில் விழுவார்கள், அலைகள் ஒன்றோடொன்று முட்டும், ஆகவே வேறு அலைவரிசைக்கு மாற்றினேன். நடுவில் நிற்கிற சின்னப் பெட்டியைக் கழற்றிப் புதிது வைத்தேன். விளக்கை ஆப்பிலிருந்து அழித்துவிட்டு முதலிலிருந்து சேர்த்தேன். காலையில் எல்லாம் ஜம்மென்று எரியும். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் செத்துப்போகும். என் மண்டை காய்ந்தது.

சரி, பின்னேரமே போய்ப் பார்ப்போம் என்று போகத் தொடங்கினேன். மோட்டார் சைக்கிளைக் கேற்றடியில் நிறுத்தி உள்ளே போனால், கொஞ்ச நேரத்தில் விளக்கு இணைப்புக்கு வந்துவிடும். எரியும். “பாருங்க, ஒண்டும் இல்லையே,” என்பேன். மாமா பின்வீட்டிலிருந்து மெதுவாக நடந்து வருவார். “நீ வந்தா எரியுது மகன். உனக்கு ராசிக் கை,” என்பார். அடுத்த நாள் மறுபடியும் இணைப்பில்லை. மறுபடியும் போவேன். இப்படி எத்தனை பின்னேரம். நான் இல்லாத பின்னேரங்களில் அவள் இருட்டுக்குள் நின்றுவிட்டு உள்ளே போய்விடுவாள் என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். பகிடி நின்றுவிட்டது.

ஒருமுறை ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று, நான் ஒரு மரம் என்பதுபோலக் கதைத்தார்.

“முந்தி மறக்காமப் போட்டான். இப்ப போடுறானில்ல. வைஃபையாம், சிக்னலாம். மனம் இரிந்தா சிக்னல் வரும் மகள். அங்க அவனுக்கு ஆர் சோறு குடுக்கிறாகளோ, நமக்கென்ன தெரியும்.”

“இல்ல அப்பா, அவருக்கு அங்க இணைப்பில்ல எண்டு காட்டுதாம்.”

“காட்டும் காட்டும். அவன் சொல்லுறது தானே உனக்குக் காட்டுது.”

அவள் ஏணியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது எனக்குக் காலில் தெரிந்தது. நான் மேலிருந்து, “மாமா, அவர் போடாததில்ல, இஞ்ச தான் என்னமோ பிழை,” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “நீ லைட்டப் பார் மகன்,” என்றார்.

அந்தப் பிழையை நான் கண்டுபிடித்தது என் கெட்டித்தனத்தால் இல்லை. அன்றைக்கு என் மோட்டார் சைக்கிள் பழுதாகித் திருத்தக் கொடுத்திருந்தேன். பக்கத்து வளவில் ஒரு றால் பண்ணை முதலாளியின் வீட்டுக்குக் கமரா பூட்டி முடித்துவிட்டு, பொழுதுபடுகிற நேரம், எதற்கும் மாமா வீட்டு விளக்கைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று வாவிக்கரையால் நடந்து வந்து, பின்வேலி இடைவெளியால் வளவுக்குள் ஏறினேன். வழமையாக முன்னால் சத்தத்தோடு வருகிறவன், பின்னால் சத்தமில்லாமல் வந்தேன்.

மாமாவின் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசை. அதில் மாமியின் படம், படத்துக்கு முன்னால் வைஃபை பெட்டி. அவர் குனிந்து, கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்தார். கடையில் பிஸ்கட் நிறுத்துக் கொடுப்பார்களே, அந்தச் சதுரத் தகர டின். இரண்டு கையாலும் பிடித்து, கோழியைக் கூடையால் மூடுகிறது போல, அந்தப் பெட்டியின் மேல் பக்குவமாகக் கவிழ்த்தார். பிறகு கதிரையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் மதில் ஓரமாகக் கேற் வரைக்கும் நேராகத் தெரியும். மகள் சாமி விளக்கு வைத்துவிட்டுக் கேற்றடிக்குப் போனாள். தூணில் கையை வைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். அவள் நிற்கிறதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சி வரைக்கும் பற்றி எரிந்தது. தகரம் மூடினால் அலை வெளியே வராது. பெட்டியில் சின்ன விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், இணையம் நின்றதாக ஒரு தடயமும் இராது, ஆனால் கேற் விளக்குக்கு ஒன்றும் எட்டாது. அவள் போனோ சிம் டேட்டாவைப் பிடித்துக்கொள்ளும், அவளுக்கும் விளங்காது. நான் மோட்டார் சைக்கிளில் வருகிற சத்தம் கேட்டதும் டின்னைத் தூக்கிவிடுவார், விளக்கு வந்துவிடும். ராசிக் கை. இத்தனை நாளும் நான் உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய் டின்னைத் தூக்கினேன். அவர் திடுக்கிடவில்லை.

“செருப்பக் கழட்டிட்டு வா மகன். அறை கூட்டிக் கிடக்கு,” என்றார்.

நான் டின்னையும் தூக்கிக்கொண்டு மதில் ஓரத்தால் கேற்றுக்கு நடந்தேன். பாதி வழியில் போகும்போதே விளக்கு எரிந்தது. அவன் அங்கே விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான் பாவி. மகளின் முகம் மலர்ந்தது. அந்த வெளிச்சத்துக்குள்தான் நான் டின்னோடு போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. தகப்பனைத் தெரிந்த பிள்ளை. டின்னை என் கையிலிருந்து வாங்கினாள், போனை எடுத்தாள், வீடியோவில் அவனைக் கூப்பிட்டாள்.

அவனும் உடனே எடுத்தான். தலையில் வேலைத் தொப்பி, பின்னால் வெயில்.

“இப்ப எரியுது தானே,” என்றான்.

“ஓம் எரியுது. இஞ்ச பாருங்க, இந்த டின்னத்தான் அப்பா பெட்டிக்கு மேல கவுத்து வெச்சிருக்கார். ஒவ்வொரு நாளும். நீங்க போட்டதெல்லாம் எனக்கு வரல்ல. நீங்க நினைச்ச மாதிரி நான் சுவிச்ச அணைக்கல்ல, உங்களாணை நான் அணைக்கல்ல.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது.

அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு கேட்டான்: “ஆர் கண்டது?”

“அண்ணன் தான். இப்ப தான் கண்டு எடுத்திட்டு வந்தவர்.”

“அண்ணன் அங்க நிக்கிறாரா?”

“ஓம். இஞ்ச தான்.”

“மோட்டார் சைக்கிள் எங்க?”

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

“பின்னால வந்தவர்,” என்றாள் அவள்.

“மாமா முந்தியே சொன்னவர். லைட் நிண்டா தான் வைஃபைக்காரன் வாறான், அவன் வந்த பிறகுதான் லைட் வருது எண்டு. நான் நம்பல்ல. நாள் நாளாப் பாத்தன், ஆப்பில அப்பிடித்தான் இரிந்திச்சு. இப்ப பின் வேலியாலயும் வாறாரா?”

“என்ன கதைக்கிறீங்க?” என்றாள்.

நான் போனை வாங்கக் கை நீட்டினேன். “தம்பி, நான் சொல்லுறதக் கேள்—”

“நீங்க கதைக்க வேணாம். அவ உங்களுக்கிட்ட டின்னத் தந்து காட்டச் சொன்னாவா, நீங்க அவக்குச் சொல்லிக் குடுத்தீங்களா? நல்ல கதை. வீட்டயே எழுதித் தந்த மனிசன், வைஃபைய டின்னால மூடுவாராம்.”

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். சாரத்தை இறக்கிவிட்டு, மெதுவாக நடந்து வந்து, மகளின் தோளுக்கு மேலால் போனுக்குள் குனிந்தார். அவர் சொன்ன குரல் இன்னும் என் காதில் நிற்கிறது. அவ்வளவு அன்பான குரல்.

“மருமகன், புள்ளையில கோவிக்காதீங்க. வயசுப் புள்ள, தனிய இரிக்கிறாள். இனி நான் பாத்துக் கொள்ளுறன். நீங்க மனச விடாம வேலையப் பாருங்க.”

அவள் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். போனில் படம் நின்றது. நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்தில் விளக்கு அணைந்தது. டின் அவள் கையில்தான் இருந்தது. அணைத்தது அவன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான் எத்தனை தரம் எடுத்தும் அவன் பேசவில்லை, பிறகு என் நம்பரை அடைத்துவிட்டான். அடுத்த விடுமுறைக்கு வந்தவன் வாழைச்சேனையில் தாய் வீட்டில் இறங்கி, அங்கிருந்தே திரும்பிப் போனான். பிறகு விவாகரத்துக்கு வழக்குப் போட்டான். தெருவில் சிலர் என்னைப் பார்த்து மோட்டார் சைக்கிளின் சுகம் விசாரித்தார்கள். என் மனைவி மட்டும், “அந்த மனிசன் எனக்கும் ஒருக்கா கேத்தில் தந்தவர், மூடி இல்லாம,” என்றாள். அவளுக்கு நான் சொல்லாமலே எல்லாம் விளங்கியிருந்தது. அதற்கு நான் அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

மகள் நினைத்திருந்தால் தகப்பனை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். வளவு அவள் பெயரில். நானே சொன்னேன், சண்டைக்கு நிற்பது போலத்தான் சொன்னேன். அவள், “அப்பா எங்க போவார் அண்ணா? எனக்கும் இனி ஆர் இரிக்கா?” என்றாள். புருசனைத் துரத்திவிட்டு, துரத்தியவரே துணை என்று ஆக்கிவைத்திருந்தார் மனிசர். அவர் கொடுத்ததிலேயே அதுதான் பெரிய கொடை.

ஒரு வருசம் கழிந்திருக்கும். மாமா போனில் எடுத்தார். “அந்த லைட்டுகள் சும்மா கிடக்கு மகன். கழட்டிட்டு சாதாரண பல்ப் போட்டுத் தா.” போக மாட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவரிடம் கேட்க ஒரு கேள்வி பாக்கி இருந்தது. போனேன். பொழுது இறங்குகிற நேரம். அவர் பின்வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஏணியை மதிலில் சாத்திவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“ஒண்டு கேக்கணும் மாமா.”

“கேள்.”

“ஏன் செய்தீங்க?”

எதை என்று அவர் கேட்கவில்லை. மறைக்கவும் இல்லை. தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார், கணக்கு ஒப்புவிக்கப் போகிறவர் மாதிரி.

“எனக்கு இந்த நேரம் தேத்தண்ணி குடிக்கணும். இவட தாய் இரிக்கிற காலத்தில இருந்து அப்பிடித்தான். பொழுதுபட, சுடச்சுட வரும். இவளும் கொண்டு வந்து தந்தவள் தான். இந்த லைட் வந்த பிறகு, ஊத்தி அடுப்படியில வெச்சிட்டுக் கேற்றடிக்கு ஓடிருவாள். லைட்டப் பாத்து, அவனோட கதைச்சு, சிரிச்சு முடிஞ்சு வர, தேத்தண்ணி ஆறிப் போயிரும். ஆறின தேத்தண்ணி எனக்கு இறங்காது. அது அவளுக்குத் தெரியும்.”

“அதுக்கா மாமா?”

“வேற என்னத்துக்கு?” என்றார். என்னை ஏமாற்றுகிற முகம் இல்லை அது. உண்மையாகவே, நான் வேறென்ன நினைத்தேன் என்று அறிய விரும்புகிற முகம்.

எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மகள் கோப்பையோடு நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது, ஆனால் கேட்டுவிட்டாள். முகத்தில் இரத்தம் இல்லை. கோப்பையில் இருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை அப்படியே அவர் தலையில் ஊற்றுவாள் என்று நினைத்தேன். ஊற்று என்று மனதுக்குள் மன்றாடினேன். தெருவில் ஒருவரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள், சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றெல்லாம் நினைத்தேன்.

அவள் என்னைக் கடந்து போய்க் கோப்பையைத் தகப்பன் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தார்.

“சீனி காணாது மகள்,” என்றார்.

அவள் சீனி எடுக்க உள்ளே போனாள்.